தொடர்பு வேறு, துணை வேறு!

கையில் தொழில் இருந்தால் மட்டும் போதாது. அத் தொழிலை அறிந்து அழைக்கும் ஆளும் வேண்டும். தச்சனும் கொல்லனும் தறிகாரனும் தத்தம் ஊரெல்லைக்குள் வாழ்ந்த காலத்தில், அவர்தம் கைத்திறத்தை ஊரே அறிந்திருந்தது. இன்னான் செய்த ஏர் முறியாது, இன்னான் நெய்த துணி வெளுக்காது என்று சொல்வதற்கு வாய்கள் பல இருந்தன. பின்னர்த் தொழில் ஊரைக் கடந்தது. அறிமுகமோ ஊரைக் கடக்கவில்லை. சிற்றூரில் பிறந்து, பொறியியலோ கணக்கியலோ கற்றுப் பட்டம் பெற்று நிற்கும் ஓர் இளைஞனை, ஐந்நூறு கல் தொலைவிலுள்ள தொழிலகத்தார்க்கு யார் எடுத்துச் சொல்வார்? அவ் விடைவெளியை நிரப்ப வந்தவையாகத் தம்மைச் சொல்லிக்கொள்பவையே தொழில் தொடர்பு வலைத்தளங்கள்.

அவற்றுள் மிகப் பெரியது இலிங்க்டின். அதன் உறுப்பினர் தொகை 100 கோடியைக் கடந்துவிட்டதாக 2023 நவம்பரில் அந் நிறுவனமே அறிவித்தது. இன்று கல்லூரியை விட்டு வெளிவரும் தமிழிளைஞர்க்குச் சொல்லப்படும் முதல் அறிவுரையே, அதில் பெயரைப் பதிந்துகொள் என்பதுதான். பதியாதவன் பட்டமே பெறாதவன் போல் பார்க்கப்படுகின்றான். பதிந்தவனோ, எத்துணைப் பேரோடு தொடர்பு கொண்டிருக்கின்றான் என்னும் எண்ணிக்கையால் அளக்கப்படுகின்றான்.

இத்தகைய தளங்களால் உண்மையில் பயன் உண்டா? உண்டெனில் அதற்கு நாம் கொடுக்கும் விலை யாது? இவற்றுக்கு மாற்று உண்டா? இவ் வினாக்களுக்கு வெறுப்பினாலும் விடை கூறலாகாது. மயக்கத்தினாலும் விடை கூறலாகாது. ஒவ்வோராண்டும் வேலை தேடிப் புறப்படும் நம் பிள்ளைகளின் வாழ்வு இவ் விடையில் தங்கியிருக்கின்றது.

விற்கப்பட்டது யாது?

இலிங்க்டின் 2002 திசம்பரில் அமெரிக்க நாட்டில் நிறுவப்பெற்று, 2003 மேத் திங்களில் மக்கட்குத் திறந்துவிடப் பெற்றது. 2011இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2016 சூனில், மைக்ரோசாப்ட்டு நிறுவனம் அதனை 2,620 கோடி தாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்தது. அவ்வாண்டு திசம்பரில் விற்பனை முடிந்தது.

இவ் விலையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந் நிறுவனத்திற்கு மலையில்லை, சுரங்கமில்லை, விளைநிலமில்லை. அன்று அதனிடம் இருந்தது ஏறத்தாழ 43 கோடி மக்களின் பெயர். அவர்கள் கற்ற கல்வி, செய்த பணி, அவர்கள் யார் யாரை அறிவர் என்னும் செய்தி. வகுத்துப் பார்த்தால் ஒருவர்க்கு ஏறத்தாழ 60 தாலர். அச் செய்திகளை எழுதிக் கொடுத்தோர் அனைவரும் அவற்றை விலையின்றியே எழுதிக் கொடுத்தனர். விற்றவர்க்குப் பணம் கிடைத்தது. எழுதிக் கொடுத்தவர்க்கு விற்பனையைப் பற்றிய செய்தி கிடைத்தது.

இது களவன்று, பதியும்போதே ஒப்புதல் பெறப்பட்டுவிட்டது. ஆயின், படிக்காமல் ஒப்பமிட்ட ஓலையும் ஓலைதான் என்பதை நம் உழவர் கடன்காரனிடம் கற்ற அளவிற்கு, நம் படித்த பிள்ளைகள் வலைத்தளங்களிடம் இன்னும் கற்கவில்லை.

பயன் உண்டு; மறுத்தல் வேண்டா

எனினும், பயன் இல்லையென்று கூறுவது உண்மைக்கு மாறாகும். அறிமுகம் தொழில் வாய்ப்பை எவ்வாறு கொணர்கின்றது என்பதனைக் குமுகாயவியலார் நெடுநாள் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க அறிஞர் மார்க்கு கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரை இத் துறையில் அடிக்கல் போன்றது. மாசாசூசெட்சு மாநிலத்து நியூட்டன் நகரில், தெரிந்தவர் வழியாக வேலை பெற்றோரை அவர் வினவினார். வேலைச் செய்தியைச் சொன்னவரை அடிக்கடி கண்டு பழகியவராகக் குறித்தோர் 16.7 விழுக்காட்டினரே. எப்போதோ சில வேளைகளில் காண்பவர் என்றோர் 55.6 விழுக்காட்டினர். அரிதாகக் காண்பவர் என்றோர் 27.8 விழுக்காட்டினர். நெருங்கிய நண்பர் அறிந்தவற்றையே நாமும் அறிந்திருப்போம்; நாம் அறியாத செய்தி, நம் வட்டத்திற்கு அப்பால் வாழும் எட்டத்து அறிமுகத்தாரிடமே இருக்கும். இதுவே அவர் கண்ட முடிவின் சாரம்.

2022 செபுதம்பரில், இலிங்க்டின் தளத்திலேயே நடத்தப்பெற்ற பேராய்வு ஒன்று அமெரிக்க அறிவியல் இதழில் வெளிவந்தது. இரண்டு கோடிக்கு மேற்பட்ட உறுப்பினரை ஐந்தாண்டுக் காலம் தொடர்ந்து நோக்கிய அவ் வாய்வும், மிக நெருங்கிய தொடர்பைவிடச் சற்றே தளர்ந்த தொடர்பே புதிய வேலைக்கு மிகுதியும் உதவுகின்றது என்று கண்டது. எனவே, எட்டத்து அறிமுகத்தைப் பெருக்கித் தரும் கருவி என்னும் அளவில், இத்தகைய தளம் வேலை தேடுவார்க்கு உதவவே செய்கின்றது.

நம் நாட்டு நிலையில் இப் பயனுக்கு இன்னொரு முகமும் உண்டு. இங்கே, 'தெரிந்தவர்' என்னும் சொல் பெரும்பாலும் உறவினர் என்றும், உறவினர் என்பது பெரும்பாலும் ஒரே சாதியார் என்றும் பொருள்படுவதாயிற்று. மேலிடத்தில் மாமனும் மைத்துனனும் இருந்தவன் படிப்பு முடியுமுன்பே பணியில் அமர்ந்தான். தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப்படி ஏறியவனுக்கோ, பரிந்துரைக்கும் மாமன் எவனும் இல்லை. அவன் முன்பின் அறியாத ஒரு மேலாளர்க்கு நேராக எழுதி, தன் திறத்தைக் காட்டி, ஒரு மறுமொழி பெறக்கூடுமாயின், அஃது எளிய செய்தியன்று. ஆயிரமாண்டுக் கதவொன்றின் தாழ் சற்றே நெகிழ்வதாகும். அக் கதவை நெகிழ்த்தும் கருவியைப் பழிப்போர், அதற்கு முன் தம் உறவினர் செல்வாக்கால் தாம் பெற்றவற்றை எண்ணிப் பார்த்தல் நன்று.

கொடுக்கும் விலை

பயனைக் கூறினோர் விலையையும் கூறுதல் வேண்டும். அவ் விலை நான்கு வகைப்படும்.

முதலாவது, தொடர்பு நம்முடையது, ஆயின் திறவுகோல் நம்மிடம் இல்லை. பத்தாண்டு உழைத்து ஒருவர் ஆயிரம் பேரோடு அங்குத் தொடர்பு வைத்திருக்கலாம். தம் தொடர்பாளர் பட்டியலை இறக்கிக்கொள்ளும் ஏந்தும் அங்கு உண்டு. ஆயின், 2018ஆம் ஆண்டு முடிவில் அப் பட்டியலில் மின்னஞ்சல் முகவரிகள் வாராதவாறு இயல்பமைப்பு மாற்றப்பெற்றது. உரியவரே தம் அமைப்பை மாற்றி இசைந்தாலன்றி முகவரி வாராது. அயலார்க்கு முகவரி செல்லாமற் காத்தல் முறையே என்பார்க்கும் அதில் கரணியம் உண்டு. எனினும் அதன் விளைவு யாது? அத் தளத்தின் வாயிலை விட்டு வெளியேறுபவர் வெறும் பெயர்களோடு வெளியேறுகின்றார். ஆள்கள் உள்ளேயே நின்றுவிடுகின்றனர்.

வாயில் அடைபடுவதும் நடவாத செய்தியன்று. உருசிய நாட்டில், தம் குடிமக்களைப் பற்றிய செய்திகளை உள்நாட்டிலேயே சேமிக்க வேண்டுமென்னும் சட்டத்தின்படி நடவாமையால் 2016 நவம்பரில் அத் தளம் தடுக்கப்பெற்றது. சீனத்தில் 2014இல் தொடங்கிய அதன் சீன மொழிப் பதிப்பு 2021இல் நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக வந்த வேலை தேடும் செயலியும் 2023 ஆகத்தில் மூடப்பட்டது. அரசும் நிறுவனமும் தத்தம் முடிவைச் செய்தன. அங்கே தொடர்பு வளர்த்தோரை எவரும் கேட்கவில்லை.

இரண்டாவது, ஒப்படைத்த செய்திகளின் காவல். 2012 சூனில் ஏறத்தாழ 65 இலக்கம் உறுப்பினரின் மறையாக்கப்பட்ட கடவுச்சொற்கள் வெளியே கசிந்தன. 2016 மேத் திங்களில், அன்று கசிந்தவை அவ்வளவே அல்ல என்பதும், 11 கோடிக்கு மேற்பட்ட கணக்குகளின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் விற்பனைக்கு வந்துள்ளன என்பதும் தெரிய வந்தன. உறுப்பினரின் பெயரால் அவர்தம் முகவரி ஏட்டிலிருந்தோர்க்கு மீண்டும் மீண்டும் அழைப்பு மடல் விடுத்தமை பற்றிய வழக்கில், 2015இல் 1 கோடியே 30 இலக்கம் தாலர் கொடுத்துத் தீர்வு காண அந் நிறுவனம் இசைந்தது. உறுப்பினரின் நடத்தையை அலசி விளம்பரத்திற்குப் பயன்படுத்தியமை பற்றி, அயர்லாந்து நாட்டின் தரவுக் காப்பு ஆணையம் 2024 அக்குதோபரில் 31 கோடி யூரோ தண்டம் விதித்தது. அதே ஆண்டு செபுதம்பரில், உறுப்பினர் எழுதியவற்றைச் செயற்கை அறிவுப் பொறிகட்குப் பயிற்சி தரப் பயன்படுத்தும் அமைப்பு, பல நாடுகளில், வேண்டா என்று சொன்னாலன்றி வேண்டும் என்றே கொள்ளப்படும் வகையில் நடைமுறையில் இருந்தமை வெளிப்பட்டது.

மேலே சுட்டிய 2022ஆம் ஆண்டு ஆய்வையும் இவ்விடத்தில் மீண்டும் நினைத்தல் வேண்டும். 'இவரை நீங்கள் அறிந்திருக்கலாம்' என்று தளம் காட்டும் பெயர்களை, சிலர்க்கு ஒரு வகையாகவும் வேறு சிலர்க்கு வேறு வகையாகவும் மாற்றி மாற்றிக் காட்டியே அவ் வாய்வு நடத்தப்பெற்றது. யாருக்கு எத்தகைய தொடர்பு கிட்டும், அதன் வழி யாருக்கு வேலை கிட்டும் என்பது, உள்ளிருந்து ஒரு கணக்கை மாற்றுவதால் மாறக்கூடியது என்பதனை அவ் வாய்வே மெய்ப்பித்துவிட்டது. தளத்தின் பயனுக்குச் சான்றான அதே ஆய்வு, தளத்தின் ஆற்றலுக்கும் சான்றாக நிற்கின்றது.

மூன்றாவது, தன்னைத் தானே கூவி விற்கும் பழக்கம். தன் திறத்தைச் சொல்லல் தவறன்று. சொல்லலே தொழிலாகிவிடுதல் தவறு. நாளும் எழுந்தவுடன் தன் சிறு வெற்றியைப் பெரிதாக்கி எழுதுவதும், பிறர் வெற்றிக்கு வாழ்த்துக் கூறுவதும், அவ் வாழ்த்து மீண்டும் தனக்கு வரும் என்று காத்திருப்பதுமாகப் பொழுது கழிகின்றது. அதிலும் நம் இளைஞர்க்கு ஒரு கூடுதற் சுமை உண்டு. தான் கட்டிய பாலத்தையோ, எழுதிய நிரலையோ, ஆற்றிய நோயையோ தமிழில் தெளிவுறச் சொல்ல வல்லவன், அங்கே கடன் வாங்கிய ஆங்கிலப் பெருமிதச் சொற்களை அடுக்குகின்றான். ஆயிரம் பேர் ஒரே சொற்களை அடுக்குவதால், ஆயிரவரும் ஒருவரே போல் தோன்றுகின்றனர். இந்திய மொழிகளுள் அத் தளம் முதன்முதல் இடமளித்தது இந்திக்கே. அதுவும் தளம் தோன்றிப் பதினெட்டாண்டு கழிந்து, 2021 திசம்பரில்தான். தொழிலுலகம் என்றாலே ஆங்கிலம் என்னும் எண்ணத்தை இளநெஞ்சில் ஊன்றுவதற்குப் பதினெட்டாண்டு போதும்.

நான்காவது, ஏமாற்று. முகம் காணாத அழைப்பை நம்பும் பழக்கம் பெருகிய இடத்தில், வலை விரிப்பாரும் பெருகுவர். 2022ஆம் ஆண்டில், தாய்லாந்தில் கணிப்பொறி வேலை, நல்ல ஊதியம் என்று பல்வேறு வலைத்தளங்கள் வாயிலாக அழைக்கப்பட்ட இளைஞர் பலர், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடிப் பகுதியில் சிறைவைக்கப்பட்டு, இணைய வழி ஏமாற்று வேலையில் வற்புறுத்தி ஈடுபடுத்தப்பட்டனர். அவருள் தமிழரும் இருந்தனர். 2022 செபுதம்பரில் இந்திய வெளியுறவுத் துறை இதுபற்றி வெளிப்படையாக எச்சரித்தது. இஃது ஒரு தளத்தின் குற்றமென்று கூறல் முறையன்று. ஆயின், அழைப்பவன் யார் என்று கேட்டறிய ஓர் ஆளும் இல்லாத தனிமையே அவ் விளைஞரை அங்குக் கொண்டு சேர்த்தது. ஆயிரம் தொடர்பு இருந்தும், 'போகாதே' என்று சொல்லும் ஒரு துணை இல்லை!

மாற்று என்று வந்தவை

இனி, மாற்று யாது என்னும் வினா. பிற நாட்டார் பட்டறிவு இங்கே நமக்குப் பாடமாகும்.

செருமனியின் ஆம்பர்க்கு நகரில் 2003இல் தொடங்கி, 2006இல் 'சிங்கு' என்று பெயர் மாற்றம் பெற்ற தளம், செருமானிய மொழி பேசும் நாடுகளில் வேரூன்றியது. தம் மொழியில் தம் தொழிலைப் பேச விரும்பிய இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் அதில் சேர்ந்தனர். பிரான்சு நாட்டில் 2004இல் தோன்றிய 'வியாதேயோ' பிரெஞ்சு மொழியில் அவ்வாறே வளர்ந்து, ஆறு கோடிக்கு மேல் உறுப்பினர் உடையதாகச் சொல்லி 2014இல் பாரிசு பங்குச் சந்தைக்கு வந்தது. பேரினத்துத் தளம் ஒன்று உலகை வளைத்த காலத்தும், தாய்மொழிக்கென ஒரு களம் நிற்க முடியும் என்பதனை இவ்விரண்டும் காட்டின. தமிழுக்கு இயலாது என்பார்க்கு இது விடை.

ஆயின் கதை அங்கே முடியவில்லை. வியாதேயோ 2016 நவம்பரில் கடன் தீர்க்க இயலாமல் முறைமன்றக் கண்காணிப்பிற்குச் சென்று, பின்னர் ஒரு செய்தித்தாள் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. சிங்கு, தன்னிடத்துப் பல்லாண்டு வளர்ந்த உறுப்பினர் குழுக்களை 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மூடிவிட்டு, வேலை தேடித் தரும் தளமாகத் தன்னை மாற்றிக்கொண்டது. குழுக்களை வளர்த்தோர் தம் மொழியிலேயே வெளியேற்றப்பட்டனர், அவ்வளவே வேறுபாடு. மொழி நம்முடையதாய் இருத்தல் இன்றியமையாதது. ஆயின் மொழி மட்டும் நம்முடையதாய், இடம் பிறனுடையதாய் இருப்பின், அது வாடகை வீட்டு வாயிலில் மாட்டிய தமிழ்ப் பெயர்ப்பலகையே ஆகும். தூயதமிழ்ப் பற்றாளர் இதனைக் கசந்தாலும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

சொல்லால் அன்றிச் செயலால் தன்னைக் காட்டலாம் என்று கருதிய கணிப்பொறியாளர், தாம் எழுதிய நிரல்களைப் பலரும் காண வைக்கும் 'கிட்டப்பு' தளத்தை நாடினர். அது நல்ல நெறியே. செய்த வேலையே சான்று பகர்கின்றது. ஆனால் 2018இல் அதனையும் மைக்ரோசாப்ட்டு நிறுவனமே 750 கோடி தாலருக்கு வாங்கிற்று. ஒரு மண்டபத்தை விட்டு அடுத்த மண்டபத்திற்கு ஓடியவர், உரிமையாளர் ஒருவரே என்று பின்னர்க் கண்டனர்.

இதற்கு மாறாக, ஒருவர்க்கு உடைமையாகாத அமைப்பும் இன்று உண்டு. 2016இல் செருமனியில் தோன்றிய 'மாசுடோடன்' என்பது ஒரு தளமன்று. ஆயிரக்கணக்கான சிறு தளங்கள் ஒரே பொது நெறியால் ஒன்றோடொன்று பேசும் கூட்டமைப்பு. அப் பொது நெறியை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018 சனவரியில் ஏற்றுக்கொண்டது. ஒரு மன்றமோ கல்லூரியோ தொழிலாளர் கழகமோ தனக்கென ஒரு சிறு தளத்தை நடத்தி, உலகோடும் பேசலாம். மூடும் உரிமை அதனிடமே இருக்கும். வேலை வாய்ப்பில் இன்று அதன் பயன் சிறிது என்பதும் உண்மை. ஆள் எடுப்போர் கூட்டம் அங்கு இல்லை. ஆயினும் அமைப்பு எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதற்கு அஃது எடுத்துக்காட்டாகும்.

அரசின் வழியையும் மறத்தலாகாது. 1959இல் இயற்றப்பெற்ற சட்டம், 25 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் தம் வெற்றிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்திற்கு அறிவித்தல் வேண்டும் என்றது. ஆயின், அவ் வலுவலகத்தின் வழியாகவே ஆளெடுத்தல் வேண்டும் என்று அது வற்புறுத்தவில்லை. அறிவித்தல் கடமை, எடுத்தல் விருப்பம் என்றானமையால், அறிவித்தலும் பெயரளவிற்றாயிற்று. 2023ஆம் ஆண்டில் தமிழகத்து வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிந்து காத்திருந்தோர் தொகை 60 இலக்கத்திற்கும் மேல். 2020இல் தமிழக அரசு தனியார் துறை வேலைக்கெனத் தனித்தளம் ஒன்றையும் தொடங்கியது. ஊர்தோறும் வேலைவாய்ப்பு முகாம்களும் நடைபெறுகின்றன. இவை விலையில்லாதவை, தமிழில் பேசுபவை, அழைப்பவன் யார் என்று கேட்டறிய இடமுள்ளவை. படித்தவன் இவற்றை இழிவாக எண்ணி ஒதுங்குவதற்கு ஒரு கரணியமும் இல்லை.

தமிழர் கண்ட வழி

தொழிலால் கூடித் தொலைவைக் கடத்தல் தமிழர்க்குப் புதிதன்று. ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் முதலிய வணிகக் குழுவினர் கடல் கடந்தும் ஒருவரையொருவர் அறிந்தும் காத்தும் வாழ்ந்தனர். தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கு வெட்டப்பெற்ற குளம் ஒன்று மணிக்கிராமத்தார் காவலில் விடப்பெற்றதைக் கூறுகின்றது. சுமத்திராவின் பாரூசுப் பகுதியில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் அத் துறைக்கு வரும் மரக்கலத்தார்க்குத் தாமே வரி வகுத்தமையைக் காட்டுகின்றது. அக் குழுக்கள் செல்வ வணிகர்க்கே உரியவையாய் இருந்தன என்னும் குறை உண்டு. ஆயின், முகமறியாத் துறையிலும் ஒரு பெயரைச் சொன்னால் நம்பிக்கை பிறந்தது. அப் பெயரின் பொறுப்பைக் குழுவே ஏற்றது. வரியும் காவலும் அவர் கையிலேயே இருந்தன.

அண்மைக் காலத்திலும் சான்றுகள் உண்டு. நெசவாளர் தம் துணிக்குத் தாமே சந்தை காண 1935இல் தொடங்கிய கூட்டுறவுக் கழகமே பின்னர்க் கோ-ஆப்டெக்சு என வளர்ந்தது. கணிப்பொறியில் தமிழை ஏற்றப் பாடுபட்டோர் சிங்கப்பூரில் 1997இலும் சென்னையில் 1999இலும் மாநாடு கூடினர். தமிழ்99 விசைப்பலகை அத்தகைய கூட்டுழைப்பின் விளைவே. 2000இல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய உத்தமம் அமைந்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும், 2012 சனவரி முதல் வெளிவரத் தொடங்கிய கணியம் இதழிலும், சென்னையிலும் காஞ்சியிலும் கூடும் இலினக்சுப் பயனர் குழுக்களிலும், ஊர்பேர் அறியாத இளைஞர் வந்து வேலையைக் கற்றனர், செய்தனர், ஒருவர் திறத்தை ஒருவர் அறிந்தனர். அங்கே எவரும் 'என்னோடு தொடர்பு கொள்க' என்று இரந்ததில்லை. வேலையே அவர்களைத் தொடர்புபடுத்தியது. ஒன்றாய் உழைத்த ஒருவன் மற்றவனைப் பற்றி, 'இவன் செய்வான். எனக்குத் தெரியும்' என்று சொல்லும் சொல்லுக்கு, முன்பின் அறியாத ஐந்நூறு பேர் அழுத்திய விருப்பக் குறிகள் ஈடாகா.

செயத்தக்கன

ஆகலின் தொழில் தொடர்புத் தளங்களைப் பற்றித் தமிழிளைஞர் கொள்ளத்தக்க நிலை இதுவாகும்:

1. அவற்றைச் சந்தையாகக் கொள்க. சந்தைக்குச் செல்வதில் தவறில்லை. சந்தையிலேயே குடியிருத்தல் தவறு. வேலை தேடும் காலத்து உண்மையான கல்வியையும் பணியையும் சுருங்க எழுதி வைத்து, வேலை முடிந்ததும் வீடு திரும்புதல் வேண்டும்.

2. தன் தொழில் வரலாற்றைத் தனக்குரிய ஓர் இடத்திலும் எழுதி வைத்தல் வேண்டும். தனக்கென ஒரு வலைப்பக்கம் வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அதில் தமிழ் முதலிடம் பெறுக. வேற்று நாட்டார்க்கு வேண்டுமாயின் ஆங்கிலம் அடுத்த இடம் பெறுக.

3. பழகியவர் முகவரியையும் தொலைப்பேசி எண்ணையும் தன் ஏட்டில் வைத்திருத்தல் வேண்டும். ஒரு தளம் நாளை மூடப்படினும் தன் உறவு மூடப்படலாகாது.

4. தளத்தில் அறிமுகமான பத்துப் பேருள் ஒருவரையேனும் நேரில் கண்டோ குரல் கேட்டோ பழகுதல் வேண்டும். அயல்நாட்டு வேலை என்று வரும் எவ் வழைப்பையும், அந் நாட்டில் வாழ்வார் ஒருவரைக் கேட்டறியாமலும், ஆளனுப்பும் முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று பாராமலும் ஏற்றல் கூடாது.

5. தன் துறையைச் சார்ந்த ஒரு மன்றத்திலேனும் உழைத்தல் வேண்டும். அத்தகைய மன்றம் தன் ஊரில் இல்லையாயின், ஐவர் சேர்ந்து தொடங்குதல் வேண்டும். திங்களுக்கொரு முறை கூடி, தத்தம் தொழிலைத் தமிழில் பேசும் ஐவர் கூட்டம், நாளடைவில் ஐம்பதின்மர்க்கு வேலை தேடித் தரும்.

6. பணிநிலையில் உயர்ந்த தமிழர்க்கும் ஒரு கடமை உண்டு. முன்பின் அறியாத ஏழை மாணவன் எழுதும் மடலுக்கு மறுமொழி எழுதுதல், அவன் சாதியைக் கேளாமல் திறத்தைக் கேட்டுப் பரிந்துரைத்தல் ஆகிய இரண்டையும் அவர்கள் செய்யத் தொடங்கிவிட்டால், எந்த அயல் நிறுவனத்தின் தளமும் நமக்கு இன்றியமையாததாக இராது. அவர்கள் செய்யாத வரையில், அத் தளத்தின் வாயிலில் நிற்கும் நம் பிள்ளைகளைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை.

இவ் வாறனுள் கடைசியே தலையாயது. தொடர்புத் தளங்கள் பெருகியது, நம் மன்றங்களும் கழகங்களும் செய்யத் தவறிய ஒரு பணி வெறுமையாய்க் கிடந்தமையால். வெற்றிடத்தில் எவன் வேண்டுமாயினும் கடை விரிப்பான். கடைக்காரனைத் திட்டுவதால் கடை மூடப்படாது. அவ் விடத்தை நாம் நிரப்பினால்தான் அவனுக்கு நம்மிடம் வேலையிராது.

தொடர்பை விலைக்கு விற்பார் உளர். துணையை விற்பார் எங்கும் இலர். அதனை ஒருவர்க்கொருவர் கொடுத்தே பெறுதல் வேண்டும். தமிழிளைஞர் கூடுக! தொழிலால் கூடுக! தமிழால் கூடுக! தாம் கூடும் இடத்தைத் தமதாகவே வைத்துக்கொள்க!